சொன்னபடி கேட்கும் பெட்டி

விருதுநகரில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு வேறு எந்த வித்தை வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும், காதில் விழுந்ததைத் தவறில்லாமல் கணக்கில் ஏற்றும் பழக்கம் மாத்திரம் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். 1923-ஆம் ஆண்டு வரையில் விருதுபட்டி என்றிருந்து, அதன் பின்னர் நகரம் என்ற பட்டம் பெற்ற இந்த ஊருக்கு வற்றாத ஆறு கிடையாது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான நஞ்சையும் கிடையாது. வத்தலும் மல்லியும் உளுந்தும் எண்ணெயும் எங்கெங்கிருந்தோ வந்து இறங்கி, இங்கே விலை பேசப்பட்டு, மறுபடியும் எங்கெங்கோ ஏறிப்போகும் வியாபாரம் ஒன்றே இதன் ஜீவாதாரம். அந்த வியாபாரத்தில், ஒரு கமிஷன் மண்டியில், என் வாலிபம் முழுவதையும் கணக்கெழுதிக் கழித்தவன் நான். முதலாளி திண்டில் சாய்ந்தபடி, ஒரு கையில் டெலிபோனை வைத்துக்கொண்டே சொல்லுவார்: முதலில் சரக்கு, பிறகு மூட்டை, அதன் பிறகு எடை, பிறகு விலை, கடைசியில் பார்ட்டியின் பெயர். இந்த வரிசை மாறாதிருக்கும்வரை அவர் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் என் பேனா பின்தங்கியதில்லை. வரிசை மாறிய அன்று, எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் சிட்டையில் அடித்தல் திருத்தல் விழாமல் இருந்ததில்லை. மண்டியின் இந்தச் சிறு பாடம், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, அதுவும் மனிதரல்லாத ஒரு வேலையாளிடத்தில், எனக்குப் பிரயோஜனப்படும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

குரல் தரும் பெட்டிகள் எங்கள் தலைமுறைக்கு அந்நியமானவை அல்ல. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கப்பெற்ற பின்னர், ஊர்ப் பொதுவிடம் ஒன்றில் பெட்டியைப் பூட்டிவைத்து அதன் ஓசையைக் குழாய் வழியே வீதிக்கு வழங்கும் பஞ்சாயத்து ரேடியோ என்னும் ஏற்பாடு, காலக்கிரமத்தில் கரிசல் காட்டுக் கிராமங்கள் வரையில் பரவிற்று. சாத்தூருக்கு அப்பால் என் அம்மாவின் பிறந்தகத்துக் கிராமத்தில், விடுமுறைக்குப் போன சிறுவர்களாகிய நாங்கள், பருத்தி எடுத்துத் திரும்பிய பெரியவர்களோடு அந்தக் குழாயின் கீழ் மண்ணில் உட்கார்ந்து கேட்ட மாலைப் பொழுதுகள் அனந்தம். இரவில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு, கடலைத் தாண்டி வருவதாயிருந்தும், திருச்சியைக் காட்டிலும் துலக்கமாகக் கேட்கும். அதன் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் பேச்சுக்கு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இருந்த மதிப்பு சில மந்திரிகளின் பேச்சுக்கு இருந்ததில்லை. பிற்காலத்தில் வீட்டுக்கு டிரான்சிஸ்டர் வந்தபோது, அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். காலை 7.15 மணிக்கு டில்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமியின் கம்பீரமான குரல் தன் பெயரை அறிவிக்கும்போது சோறு வடித்திருக்க வேண்டும். செய்தி முடியும்போது எங்கள் தூக்குவாளிகள் நிரம்பியிருக்க வேண்டும். அப்பெட்டிகள் சொல்லுமேயன்றிக் கேளா என்பது ஒன்றுதான் குறை. செய்தி வாசிக்கும்போதே பருத்தி விலையைப் பற்றி ரேடியோவோடு உரத்த குரலில் வழக்காடுகிற பெரியப்பா ஒருவர் எங்களுக்கு இருந்தார். அவருடைய ஆட்சேபங்களுக்கு ஒருநாளும் பதில் வந்ததில்லை. பதில் சொல்லும் பெட்டி வந்த காலத்தில் அவர் இல்லாமற்போனது, பெட்டியின் அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும்.

அத்தகைய பெட்டியை 2014-ஆம் ஆண்டு நவம்பரில் அமேசான் கம்பெனியார் அமெரிக்காவில் எக்கோ என்ற பெயரால் வெளியிட்டார்கள். 2017-இன் பிற்பகுதியில் அது இந்தியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டில் கூகுள் கம்பெனியாரின் பெட்டியும் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது இவற்றுள் எது என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. நான் சொல்லப்போகிற விஷயங்களிற் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொது. 2020-ஆம் வருஷத்து ஊரடங்கினால் ஊருக்கு வர இயலாமற்போன என் மகள், பெங்களூரிலிருந்து, தனக்குப் பதிலாக அதைக் கூரியரில் அனுப்பிவைத்தாள். பார்வைக்குக் கவிழ்த்துவைத்த சிறு செம்பைப்போல் இருக்கும் அந்த யந்திரத்தின் சூட்சுமம் இதுதான்: தன் பெயர் ஒன்றை மாத்திரம் அடையாளம் கண்டுகொள்ளுகிற அற்ப அறிவு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதன் விளக்கு எரிந்து, அதற்குப் பின்னால் நாம் சொல்லுகிற சொற்களை இணையத்தின் வழியே தேசாந்தரத்துக் கணினிகளுக்கு அனுப்ப, அங்கே ஓசை எழுத்தாகி, எழுத்திலிருந்து கருத்து அறியப்பட்டு, விடை மறுபடியும் குரலாகி, நாம் மூச்சு விட்டு முடிக்கும் முன்பாக நம் கூடத்துக்குத் திரும்பிவிடுகிறது. முதல் எக்கோவில் குரல் வரும் திசையை அறிவதற்கென்று ஏழு ஒலிவாங்கிகளை வைத்திருந்தார்கள். எத்தனையோ மேதைகளின் பிரயத்தனம் அதற்குள் இருக்க, எங்கள் வீட்டில் முதல் மாதம் முழுவதும் அதனிடம் கேட்கப்பட்டவை என்னவென்றால், ஹாஸ்யத் துணுக்குகளும், பேரப்பிள்ளைகளின் அசட்டுக் கேள்விகளும், விருதுநகரில் இன்று வெயில் எப்படி என்பதும். சித்திரை மாதத்தில் எங்கள் ஊர் வெயிலை ஒரு யந்திரம் சொல்லித்தான் அறியவேண்டுமா?

விருந்தினர் வந்தால் வேடிக்கை காட்டுவதற்கென்று சில வீடுகளில் அது அலமாரியில் தூசி படிந்து கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அந்தக் கதியே நேர்ந்திருக்கும், அம்மாவின் கண்கள் இல்லாவிட்டால். அம்மாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம், குளுக்கோமா என்கிறார்கள். அந்த வியாதியில் போன பார்வை போனதுதான், மீளாது. எஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவதற்கு, ஜீவிதகாலம் முழுவதும் வேளை தவறாமல் சொட்டு மருந்து விடவேண்டும். அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தவை இரண்டு மருந்துகள். முதல் மருந்தை விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்மூலையை விரலால் சற்று அழுத்தியிருந்து, குறைந்தது ஐந்து நிமிஷமாவது கழிந்த பிறகே இரண்டாவதை விடவேண்டும்; அவசரப்பட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். வெளிச்சத்தை நிழலாக மட்டும் உணருகிற ஒருத்திக்கு ஐந்து நிமிஷம் என்பதை அறிய வழி ஏது? நாங்கள் பக்கத்தில் நின்று சொல்லவேண்டும். எங்களில் ஒருவர் குளிக்கப் போயிருப்போம், ஒருவர் கடைக்குப் போயிருப்போம். அம்மா மடியில் சீசாவை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பிறரைக் கூப்பிடுவதற்குக் கூசும் சுபாவம் அவளுடையது.

ஐந்து நிமிஷத்துக்கு மணி வை என்று பெட்டிக்குக் கட்டளையிடக் கற்றுக்கொண்ட தினத்திலிருந்து அந்தக் காத்திருப்பு நின்றது. காலையும் மாலையும் மருந்து வேளை வந்ததும் அது தானாகவே ஒலிக்கும்படி என் மகள் கைப்பேசிச் செயலியில் நிரந்தர ஏற்பாடு செய்துவைத்தாள். இடைப்பட்ட ஐந்து நிமிஷத்தை அம்மாவே கேட்டுப் பெற்றுக்கொண்டாள். இந்த ஒரு காரியத்தின் மேல் நம்பிக்கை விழுந்த பிறகுதான் அடுத்தது, அதற்கு அடுத்தது என்று உபயோகம் வளர்ந்தது. காலை 7.15 ஆனதும் தானாக ஆகாசவாணியின் தமிழ் ஒலிபரப்பு ஆரம்பிக்கும்படி ஒரு கட்டளை எழுதிவைத்தோம். 2018-இலேயே ஆகாசவாணியார் தங்கள் நிலையங்களை இத்தகைய பெட்டியில் கேட்பதற்கு வழி செய்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நிலையம் பிடிக்கும் முள்ளைத் தடவித் திருகவேண்டிய சிரமமில்லாமல், பெயரைச் சொன்னால் மதுரை, பெயரைச் சொன்னால் திருநெல்வேலி. அலைவரிசை கரகரப்பதற்கும் இடமில்லை. அந்தக் கரகரப்பு இல்லாதது ஒரு குறையாகவே அம்மாவுக்குப் பட்டதென்பது வேறு விஷயம்.

பாஷை ஒரு பெருந்தடை. எங்கள் பெட்டிக்கு ஆங்கிலமும் இந்தியும் தெரியும், தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சாத்தூர்ச் சீமைத் தமிழ் ஒன்றே தெரியும். இந்த இருவருக்கும் மத்தியஸ்தம் செய்வது எப்படி என்று யோசித்து உட்கார்ந்தபோதுதான், எங்கள் ஊர்ப் பாமர ஜனங்களின் அன்றாடப் பேச்சிலேயே ஒரு யந்திரத்தை ஏவுவதற்கு வேண்டிய அளவு ஆங்கிலம் முன்பே புகுந்து குடியிருப்பதைக் கவனித்தேன். டைம், லைட், ரேடியோ, நியூஸ், ஸ்டாப், சவுண்ட், அலாரம் இவற்றுள் எதை அம்மா அறியாள்? இவற்றை வைத்தே பத்துக்குள் அடங்கும் கட்டளைகளை வகுத்து, ஒவ்வொன்றையும் செயலியில் குறித்து, அதற்கு வேண்டிய நீண்ட காரியத்தை அதன் பின்னால் கோத்துவைத்தோம். 'ரேடியோ டைம்' என்று அம்மா சொன்னால், இந்த நிலையத்தை, இந்த அளவு ஓசையில், முக்கால் மணி நேரத்துக்கு மாத்திரம் என்கிற வியாக்கியானம் முழுவதும் பெட்டி தானே அறிந்துகொள்ளும். இத்தகைய சுருக்கக் கட்டளைகளை உண்டாக்கிக்கொள்ளும் வசதியே அந்தச் சாதனத்தின் உயிர்நிலை என்பது என் தீர்மானம். அதை உபயோகியாமல், தோன்றியதைத் தோன்றியபடி கேட்டு, அதற்கு ஒன்றும் தெரியவில்லை என்று சலித்துக்கொள்ளுகிறவர்கள்தாம் அநேகர்.

மரியாதை விஷயத்தில்தான் அம்மாவோடு எனக்கு வாதம் நேர்ந்தது. பெயரைச் சொல்லி ஒரு பெண் குரலை மொட்டையாக ஏவுவது அவளுக்குச் சம்மதமில்லை. "ஏப்பா, வேலைக்காரியைக் கூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை, தாயின்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடுதேனே" என்றாள். கட்டளைக்கு நடுவில் தாயி வந்து விழுந்தால், யந்திரம் அதையும் பாட்டின் பெயரோ ஊரின் பெயரோ என்று எடுத்துக்கொண்டு தேடப்போய்விடும். கடைசியில், ஏவும்போது சொல்லவேண்டாம், காரியம் முடிந்தபின் சொல்லலாம் என்று சமாதானம் ஏற்பட்டது. அதன்படி, மணி சொல்லி முடித்ததும், "சரி தாயி" என்று அம்மா விடை கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்நேரம் அதன் விளக்கு அணைந்து காது மூடியிருக்கும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஏவுவதற்கும் ஒரு முறை உண்டு. பெயரைச் சொல்லியானதும் விளக்கு எரிவதற்கு ஒரு கணம் இடங்கொடுக்கவேண்டும். பிறகு என்ன காரியம், எது, எவ்வளவு, எப்பொழுது என்ற வரிசையில், ஒரே மூச்சில், நடுவில் இழுக்காமல் முடிக்கவேண்டும். யோசனை செய்துகொண்டே பேசினால், வாக்கியம் முடிந்துவிட்டதாகக் கருதி அரைகுறையாகக் கேட்டதற்கு அது விடை சொல்லத் தொடங்கிவிடும். மண்டிக் கணக்கில் தேர்ந்த எனக்கு இந்த வரிசை தண்ணீர்பட்ட பாடு. வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என் சிநேகிதருக்கோ இன்றுவரை கைவரவில்லை. வைக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். சுவரின் மூலையில் ஒட்டவைத்தால் தன் குரலே திரும்ப மோதிக் குழம்பும். டெலிவிஷன் அருகே வைத்தால் விளம்பரக்காரனுடைய பேச்சுக்கெல்லாம் விழித்துக்கொள்ளும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் காற்றின் இரைச்சலில் நம் குரல் கரைந்துபோகும். அம்மா படுக்கும் கட்டிலின் தலைமாட்டில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இடுப்பு உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டு வைத்தது எல்லாவற்றிலும் உத்தமமாக அமைந்தது.

கூடத்தில் வைக்காமல் அறையில் வைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. வியாபாரம் பேசுகிற ஊரில் காது கேட்கும் பொருள் எதுவானாலும் அதனிடம் ஜாக்கிரதை வேண்டும். நாளைக்கு உளுந்து ஏறுமா இறங்குமா என்று பேசவந்த பழைய மண்டி நண்பர் ஒருவர், பெட்டியைக் கண்டதும், பேச்சைக் கோயில் திருவிழாவுக்கு மாற்றிவிட்டு, வாசலுக்கு வந்த பிறகே விலையைச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. தன் பெயரைக் கேளாதவரையில் அது எதையும் வெளியே அனுப்புவதில்லை என்றாலும், பெயரைப்போல் ஒலிக்கும் வேறு சொல்லுக்கும் அது விழிப்பது உண்டு. அப்படிப் பதிவான துண்டுகளில் சிலவற்றை, யந்திரத்தின் அறிவை விருத்தி செய்யும்பொருட்டு, அமேசான் கம்பெனியின் சிப்பந்திகள் கேட்டுவந்தார்கள் என்னும் செய்தி 2019-இல் ப்ளூம்பெர்க் பத்திரிகையாளரால் வெளிவந்து உலகமெங்கும் சர்ச்சையாயிற்று. ஆதலால் எக்கோவின் மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து அதன் செவி அடைபடும் என்பதையும், பழைய பதிவுகளைச் செயலியில் பார்த்து அழிக்கலாம் என்பதையும், குரலால் சாமான் வாங்கும் வசதியை நிறுத்திவைக்கலாம் என்பதையும் வாங்கிய அன்றே ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

இனிச் சிவகாசிக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்த ஊரில்தான் என் தங்கையைக் கொடுத்திருக்கிறது. மழை பொய்த்த சீமையில் பிழைப்புக்கு வழி தேடி, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதையை அங்கே பள்ளிப்பிள்ளைகளும் சொல்லுவார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், இரண்டுக்கும் லேபிள் அச்சிடப்போய் அச்சுத் தொழிலும் கிளைத்தன. மாப்பிள்ளை ஒரு பயர் ஆபீஸில் போர்மேனாக இருந்தவர். பட்டாசு ஆலையை அங்கே பயர் ஆபீஸ் என்றுதான் சொல்லுவார்கள். ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் தனித்தனியாகக் கட்டிய சிறு அறைகள். அறைக்குள் இன்னின்ன வேலைக்கு இத்தனை பேர்தாம் என்ற கட்டுப்பாடு. இரும்பு ஆயுதம் ஆகாது, நைலான் துணி ஆகாது, செருப்பு ஆகாது. உள்ளே நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கிவிட்டே கால் வைக்கவேண்டும். கைப்பேசியை வெளிவாசலிலேயே கொடுத்துவிடவேண்டும். இவ்விதிகளையெல்லாம் பிறருக்குப் போதித்து, மீறினவர்களை வெளியே நிறுத்தி, பொல்லாதவர் என்று பெயர் வாங்கியவர் மாப்பிள்ளை. ஆயினும், பட்டாசு மருந்தின் உராய்வுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. பக்கத்து அறையில் தீப்பற்றியபோது உள்ளே இருந்தவர்களை இழுக்கப் போனதில் அவருடைய இரண்டு கைகளும் வெந்துபோயின.

உயிர் தப்பியது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, தோல் ஒட்டவைத்து, காயம் ஆறியது. ஆறிய தோல் சுருங்கி விரல்களை உள்ளங்கையை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டது. சோற்றைக் கரண்டியால் அள்ளிக்கொள்ளுவார். சட்டைப் பொத்தானுக்குத் தங்கை வரவேண்டும். கைப்பேசியின் கண்ணாடி, விரல் தொடும்போது தோலில் உள்ள மின்குணத்தை அறிந்து வேலை செய்வதாம். தழும்பேறி வறண்ட அவருடைய விரல் நுனிகள் தொட்டால் அது பெரும்பாலும் அறியவில்லை. விரல்களை முடக்கும் வாதநோயோடு கத்தி பிடித்துக் கண் சிகிச்சை செய்து, 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி எங்கள் கரிசல் பூமியில் பிறந்தவர்தான் என்று நான் ஆறுதலாகச் சொல்லப்போக, மாப்பிள்ளை, "அவுக டாக்டர், மச்சான்; நான் ராத்திரி ஒரு பேனைப் போடுறதுக்குப் பொண்டாட்டியை எழுப்புறவன்" என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்தப் பேன் விஷயத்திலிருந்துதான் எங்கள் இரண்டாவது பெட்டியின் சரித்திரம் ஆரம்பமாகிறது. அம்மாவின் அனுபவத்தைக் கண்ட பிறகு, அதே ஜாதிப் பெட்டி ஒன்றையும், சுவர்ப் பிளக்கில் செருகி அதன்மேல் மற்றொரு கருவியைச் செருகும் ஸ்மார்ட் பிளக் ஒன்றையும் வாங்கிக்கொண்டு சிவகாசிக்குப் போனேன். கூரை மின்விசிறிக்குப் பிளக் கிடையாது. அதற்கு ஸ்விட்ச் பெட்டிக்குள்ளேயே பொருத்தும் தனிக் கருவி வேண்டும், அதற்குத் தேர்ந்த வயர்மேன் வேண்டும். ஆதலால் முதலில் மேஜை விசிறியையும் படுக்கை விளக்கையும் மாத்திரம் அதில் இணைத்தோம். தண்ணீர் மோட்டாரையும் இதில் கோத்தால் என்ன என்று தங்கை கேட்டாள். பிளக் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேற்பட்ட சுமையை அதன் தலையில் ஏற்றக்கூடாது என்பதை வயர்மேன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மின்வெட்டு மற்றொரு தொல்லை. மின்சாரம் வந்தவுடன் பெட்டி தானே விழித்துக்கொள்ளும். இணையம் தரும் ரூட்டர் விழிப்பதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். அதுவரையில் பெட்டி தன்னால் ஒன்றும் இயலாது என்று புலம்பிக்கொண்டிருக்கும். ரூட்டருக்கென்றே கைக்கடக்கமான யுபிஎஸ் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கி வைத்தபின் சிறு மின்வெட்டுகளால் இணைப்பு அறுவது நின்றது.

மாப்பிள்ளையின் குரல்தான் முதலில் ஒத்துழைக்கவில்லை. வெயிலில் மைதானத்துக்கு அந்தப்புறம் நிற்கும் ஆளை அதட்டிப் பழகிய குரல் அது. "ஏலே, பேனைப் போடு" என்று அவர் உறுமினால் பெட்டி மௌனம் சாதிக்கும். தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். மெதுவாகச் சொன்னாலே போதும், சாதாரணக் குரல்தான் அதற்கு நன்றாகப் புரியும் என்பதை அவருடைய மகள் பொறுமையாகப் பழக்கினாள். முதல் முறையாக நடுநிசியில் யாரையும் எழுப்பாமல் விசிறியைத் தாமே ஓடவிட்ட செய்தியை அவர் எனக்குக் காலையில் அறிவித்தார். எப்படி அறிவித்தார் என்றால், பெட்டியின் வழியாகத்தான். இத்தகைய பெட்டி உள்ள இரு வீடுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளலாம். பெயரைச் சொன்னால் போதும், கையால் தொடவேண்டியது ஒன்றுமில்லை. மறுமுனையில் எடுப்பார் இல்லாமலே குரல் நேராகத் திறந்துகொள்ளும்படியும் வைக்கலாம். வயோதிகர் தனியே இருக்கும் வீட்டுக்கு இது வரப்பிரசாதம், மற்ற வீடுகளுக்கு உபத்திரவம். நாங்கள் அம்மாவின் அறைக்கு, தங்கை ஒருத்திக்கு மாத்திரம், அந்த அனுமதியைக் கொடுத்திருக்கிறோம். பார்க்க இயலாத மாமியாரும் தொட இயலாத மருமகனும் மருந்து வேளையில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் சம்பாஷணை இப்போது நித்தியப்படி நடக்கிறது; பெரும்பாலும் கறி என்ன வைத்தீர்கள் என்பதைப் பற்றித்தான்.

தமிழில் ஏவ இயலவில்லையே என்ற குறையை மாப்பிள்ளை அடிக்கடி எடுப்பார். 2019 முதல் கைப்பேசியில் கூகுள் உதவியாளருக்குத் தமிழ் புரிகிறது. 2022-இல் மத்திய அரசு பாஷிணி என்ற மொழித் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐஐடியில் ஏஐ4பாரத் குழுவினர் இந்திய மொழிகளின் பேச்சை யந்திரத்துக்குக் கற்பிக்கிறார்கள். மொஸில்லா ஸ்தாபனத்தாரின் காமன் வாய்ஸ் திட்டத்தில் விரும்பியவர் எவரும் தமிழ் வாக்கியங்களைத் தம் குரலில் வாசித்துத் தானமாகக் கொடுக்கலாம். என் மகள் சொன்னதன்பேரில் நானும் சில சாயங்காலங்களில் உட்கார்ந்து வாசித்தேன். யாரும் வீட்டில் பேசாத புஸ்தகத் தமிழ் வாக்கியங்களே என் பங்குக்கு வந்தன. அவற்றை நான் எவ்வளவு திருத்தமாக வாசித்தாலும், "சவுண்டைக் கொறச்சுட்டு மணியைச் சொல்லு தாயி" என்று என் அம்மா சொல்லுவது அந்த யந்திரத்துக்கு எப்படி விளங்கப்போகிறது? வாசிக்கக் கண்ணில்லாதவர்களும் எழுத்தறியாதவர்களும்தாம் இந்தச் சாதனத்துக்கு முதல் உரிமையாளர்கள். அவர்கள் பேசுகிறபடியே பேச்சைச் சேகரித்தாலன்றி அவர்களுக்கு அது அந்நிய பாஷைக்காரனாகவே இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அதுவரையில் காத்திருக்கும் ஆள் அல்லர் மாப்பிள்ளை. பட்டாசுக்குக் கை கொடுத்தவர்கள் வெம்பக்கோட்டைப் பக்கத்திலும் திருத்தங்கலிலும் அவருக்குத் தெரிந்து அநேகர். அவர்களில் பிள்ளைகள் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிற வீடுகளுக்கு, மகளைச் செயலி வேலைக்கும் வயர்மேனைப் பிளக் வேலைக்கும் அழைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போய்விடுகிறார். பாட்டுக் கேட்பது, துணுக்குக் கேட்பது எல்லாம் பிற்பாடு. இந்த வீட்டில் யாரை எழுப்பாமல் எது நடக்கவேண்டும் என்று முதலில் விசாரிக்கிறார். விசிறியா, விளக்கா, மகனுக்குப் போனா என்று ஒன்றை நிச்சயம் செய்துகொண்டு, அந்த ஒன்று தவறாமல் நடக்கும் வரையில் அடுத்ததைத் தொடவிடுவதில்லை. நான் ஒருமுறை கூடப் போயிருந்தபோது, அவரைவிட இளையவரான ஒருவர், கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியை நோக்கி அவசர அவசரமாக ஏதோ சொல்ல, அது ஏதோ ஒரு இந்திப் பாட்டைப் பாடத் தொடங்கிற்று. மாப்பிள்ளை பழைய போர்மேன் தோரணையில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"தம்பி, மருந்து அறைக்குள்ள இப்படித்தான் நுழைவியா? மொதல்ல பேரைச் சொல்லு. நில்லு. லைட்டு எரியுதான்னு பாரு. பொறவு வேலையைச் சொல்லு. எங்க, திரும்பச் சொல்லு பாப்போம்."